கீரா கோர்பி பிறந்த ஊர்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் இருந்து வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தூரத்தில் தம்பெரே நகரம் இருக்கிறது. இரண்டு பெரிய ஏரிகளுக்கு இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்த ஊர் அது. வடக்கே நாசியார்வி, தெற்கே பூஹாயார்வி. 'யார்வி' என்றால் அவர்களுடைய மொழியில் ஏரி. மேல் ஏரியின் நீர்மட்டம் கீழ் ஏரியை விட 18 மீற்றர் உயரமானது. அந்த உயரத்தில் இருந்து ஊரின் நடுவால் பாய்ந்து இறங்கும் தம்மர்கொஸ்கி ஆறு கடும் குளிரிலும் ஓய்வதில்லை. ஏரிகள் மட்டும் மாதக்கணக்கில் கல்லாய் உறைந்து கிடக்கின்றன.

ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக 2023 பெப்ரவரியில் பத்து நாட்கள் அங்கே தங்கியிருந்தேன். வானத்தில் இருந்து பஞ்சுபோல விழுகின்ற பனி வேறு, தண்ணீரே இறுகிப் பாறையாகின்ற உறைபனி வேறு என்பது அங்கே போன பிறகுதான் எனக்குச் சரியாக விளங்கியது. நாசியார்வியின் மேல் தாய்மார் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வயோதிபர் ஒருவர் ஐஸில் துளை போட்டு, சிறிய முக்காலியில் அமர்ந்து தூண்டில் போடுகிறார். பாடசாலை விட்ட பிள்ளைகள் காலில் கத்தி பூட்டிய சப்பாத்துடன் பறக்கிறார்கள். கோடையில் வற்றி வெடித்த குளத்தின் மேல் நான் நடந்திருக்கிறேன். ஆனால் நிறைந்த ஏரியின் மேல் நடந்தது அதுவே முதற்தடவை. முதல் பத்து அடிக்கும் கால் கூசியது.

இப்படிப்பட்ட ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு உறைபனி என்பது நமது பிள்ளைகளுக்கு வீட்டு முற்றம் போல. அந்த முற்றத்தில் இருந்து உலக அரங்குகளுக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் கீரா கோர்பி. 1988 செப்டெம்பர் 26ஆம் திகதி தம்பெரேயில் பிறந்தவர்.

அவர் ஆடிய விளையாட்டு பிகர் ஸ்கேட்டிங் எனப்படுகிறது. உறைபனித் தளத்தில், இசைக்கு ஏற்பச் சறுக்கிச் சுழன்று, எழும்பிக் குதித்து ஆடுவது. இது நடனமும் விளையாட்டும் சேர்ந்த ஒன்று எனலாம். தொலைக்காட்சியில் பார்க்கும்போது பூ மிதந்து போவது போல இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படியில்லை. கத்தி உறைபனியைச் சீவும் சத்தம் தச்சுப் பட்டறையை நினைவூட்டும். விழும்போது தளம் அதிரும்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதன் தடிப்பு சுமார் நான்கு மில்லிமீற்றர்தான். அடிப்பாகம் தட்டையாக இராது. நீளவாட்டில் நடுவே மெல்லிய பள்ளம் விழுந்து, இரு பக்கமும் இரண்டு கூரிய விளிம்புகள் இருக்கும். ஆடுபவர் பெரும்பாலும் அந்த இரண்டில் ஏதாவது ஒரு விளிம்பின் மேல் சாய்ந்துதான் போகிறார். முன்னால் மரம் அறுக்கும் வாள் போலப் பற்கள் உண்டு. சில குதிப்புகளுக்கு அந்தப் பல்லைத் தளத்தில் குத்தித்தான் எழும்புவார்கள். ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்துக்குள் ஆகாயத்தில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில், பின்புறமாகச் சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கும் அந்தக் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒரு காலில் விழுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு கைகளை அழகாக விரித்து, முகத்தில் புன்னகையோடு அடுத்த அடிக்குப் போக வேண்டும். விழுந்தால் புள்ளி குறையும். எழுந்து ஆடினால் மிச்சப் புள்ளியைக் காப்பாற்றலாம்.

தம்பெரேயில் ஹக்கமெட்சா என்ற பகுதியில் ஓர் உள்ளக உறைபனி அரங்கு இருக்கிறது. 1965இல் ஐஸ் ஹொக்கி உலகப் போட்டிக்காகக் கட்டப்பட்டது. பின்லாந்தின் முதலாவது உள்ளக அரங்கு அதுதான். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பயிற்றுநர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முதலில் விழச் சொன்னார். ஒவ்வொருவராக விழுந்தார்கள். விழுந்தவுடன் கைவிரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் பிள்ளையின் கத்தி விரலில் ஏறிவிடும் என்று எனக்கு அருகில் இருந்த தாய் ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். விழுந்து, விரல் மடக்கி, முழங்காலில் ஊன்றி எழும்பு. அரை மணித்தியாலமும் அதுவே பாடம்.

கீராவும் சிறுபிள்ளையாக இந்த ஊரில்தான் சறுக்கக் கற்றார். அவருடைய தந்தை ரவுனோ கோர்பி ஊரறிந்த ஐஸ் ஹொக்கிப் பயிற்றுநர். தம்பெரேயின் தப்பரா கழகத்தை 1980களில் பல தடவை தேசிய சம்பியனாக்கியவர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐஸ் ஹொக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1998இல், ஜப்பானின் நகானோவில். அந்தப் போட்டியில் சீனாவை வென்று வெண்கலம் பெற்ற பின்லாந்துப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. அப்போது கீராவுக்கு ஒன்பது வயது.

பிகர் ஸ்கேட்டிங்கில் பின்லாந்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. 1920இல் அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் லுடோவிகா, வோல்டர் யாக்கொப்சன் தம்பதியினர் சோடியாக ஆடித் தங்கம் வென்றார்கள். லுடோவிகா ஜேர்மனியில் பிறந்து பின்லாந்துக்காக ஆடியவர். வென்றபோது அவருக்கு வயது 35. அதற்குப் பிறகு பெண்கள் தனியாட்டத்தில் அந்த நாட்டுக்குச் சொல்லும்படியாக நீண்ட காலம் எதுவும் கிடைக்கவில்லை. 2005இல் சுசன்னா பொய்கியோ ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி பெற்றுக் கதவைத் திறந்தார். 2009இல் ஹெல்சிங்கியிலேயே நடந்த ஐரோப்பியப் போட்டியில் லௌரா லெபிஸ்தோ தங்கம் பெற்றார். மறுவருடம் உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றவரும் அவரே. இந்த மூவர் காலத்தில், மூன்றாமவர் கீரா.

கீராவின் கணக்கை வேகமாகச் சொல்லிவிடலாம். 2006 டுரின் ஒலிம்பிக்கில் 16ஆம் இடம். 2007இல் வார்சோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். 2010 வன்கூவர் ஒலிம்பிக்கில் 11ஆம் இடம். அதே வருடம் நவம்பரில் பரிஸில் நடந்த கிராண்ட் பிரிப் போட்டியில் முதலிடம். 2011இல் பேர்ண் நகரில் ஐரோப்பிய வெண்கலம், 2012இல் ஷெபீல்ட் நகரில் ஐரோப்பிய வெள்ளி, அந்த வருட முடிவில் மொஸ்கோவில் இன்னொரு கிராண்ட் பிரி வெற்றி. தேசிய சம்பியன் பட்டம் ஐந்து தடவை. ஒலிம்பிக் பதக்கமோ உலகப் பதக்கமோ அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் மூவரில் உலகம் அதிகம் அறிந்த முகம் அவருடையதே.

முகம் என்று சொல்வதில் காரணம் இருக்கிறது. பொன்னிறத் தலைமுடியும் அமைதியான புன்னகையும் கொண்ட கீராவைப் பத்திரிகைகள் ஹொலிவூட் நடிகை கிரேஸ் கெலியுடன் ஒப்பிட்டு எழுதின. சஞ்சிகை அட்டைகளிலும் விளம்பரங்களிலும் அவர் வந்தார். குதிப்பைப் பற்றி ஒரு வரி எழுதினால், அழகைப் பற்றிப் பத்து வரி. ஒரு பெண் என்ன செய்தாள் என்பதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று கேட்கும் பழக்கம் பணக்கார நாடுகளிலும் போகவில்லை. இதை நாம் ஆச்சரியப்படாமல் குறித்துக்கொள்ளலாம்.

தம்பெரேக்கு வருவோம். இந்த ஊரைக் கட்டியது ஆறு என்றால், ஆற்றைக் கூலியாக மாற்றியது நூலாலை. 1820இல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தம்மர்கொஸ்கியின் கரையில் தொடங்கிய ஆலை, பிற்பாடு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பருத்தி ஆலையாக வளர்ந்தது. வட ஐரோப்பாவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் இந்த ஆலையின் நெசவுக் கூடத்தில்தான், 1882இல். வேலையாட்களில் பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகளும் இருந்தார்கள். இப்போது அந்தச் செங்கல் கட்டடங்களில் உணவகங்களும் அலுவலகங்களும் ஒரு தொழிலாளர் நூதனசாலையும் இயங்குகின்றன. நூதனசாலைக்குள் நின்ற போது, தறிகளின் இரைச்சலில் நாள் முழுவதும் நின்ற பெண்களின் காது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். அப்போது நுழைவு இலவசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் நான் காசு கொடுக்காமல் பார்த்தவை சொற்பம்.

மின்னா கன்த் என்ற எழுத்தாளர் பிறந்ததும் தம்பெரேயில், 1844இல். தந்தை அந்த ஆலையில் வேலை பார்த்தவர். பின்னர் குடும்பம் குவோப்பியோ என்ற ஊருக்குப் போனது. மின்னா 1879இல் கணவரை இழந்தபோது ஏழாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. தந்தையின் துணிக்கடையைக் கையில் எடுத்து நடத்தி, ஏழு பிள்ளைகளையும் வளர்த்து, இடையில் நாடகங்களும் எழுதினார். மனைவியின் காசைக் குடித்தழிக்கும் கணவனையும், அதற்கு இடங்கொடுத்த அந்தக் காலச் சட்டத்தையும் மேடையில் ஏற்றினார். அவர் பிறந்த மார்ச் 19ஆம் திகதி இன்று பின்லாந்து முழுவதும் கொடி ஏற்றும் நாள். இதை வழியில் சொல்லிவைக்கிறேன். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஊரின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1918இல் பின்லாந்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. சிவப்பர், வெள்ளையர் என்று நாடு இரண்டாய்ப் பிரிந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த தம்பெரே சிவப்பரின் கோட்டை. ஆலைப் பெண்களில் சிலரும் துப்பாக்கி எடுத்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் முற்றுகை இறுகியது, தெருத்தெருவாகச் சண்டை நடந்தது, ஏப்ரல் 6ஆம் திகதி ஊர் வீழ்ந்தது. அந்தப் போரிலும் அதன் பின்வந்த சிறைமுகாம்களிலும் சேர்த்து நாடு முழுவதும் சுமார் 38,000 பேர் இறந்தார்கள். நான் சொன்ன அரங்கில் இருந்து அதிக தூரமில்லாத கலேவங்கங்காஸ் மயானத்தில் சிவப்பர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே புதைகுழியில் கிடக்கிறார்கள். வென்ற பக்கத்தில் கணவரை இழந்த பெண்களுக்கு அரசு உடனேயே ஓய்வூதியம் கொடுத்தது. தோற்ற பக்கத்துப் பெண்களுக்கு அது 1940களில்தான் கிடைத்தது. அதுவரை அவர்கள் தறியடியில் நின்றார்கள். வீட்டில் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. என்னை அந்த மயானத்துக்குக் கூட்டிச் சென்ற அறுபது வயது அம்மையாரின் பாட்டியும் அப்படி ஒருவர். "பாட்டி இறக்கும் வரைக்கும் 1918 என்ற எண்ணை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை" என்றார் அவர். பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு, கொண்டுவந்த மெழுகுதிரியை ஏற்றி வைத்தார்.

பின்லாந்து மக்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. அந்தச் சொல் 'சிசு'. நமக்குச் சிசு என்றால் பச்சைக் குழந்தை. அவர்களுக்கோ அது பல்லைக் கடித்துக்கொண்டு எதையும் தாங்கும் உரம். குளிரைத் தாங்கியது சிசு, போரைத் தாங்கியது சிசு, ஆலையைத் தாங்கியது சிசு. விளையாட்டு வீரர்களைப் புகழும்போதும் இதுவே முதலில் வருகிறது. நல்ல சொல்தான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடமும் அதையே கேட்கும்போது, அந்தச் சொல்லின் இரண்டு மொழிப் பொருளும் ஒன்றோடொன்று மோதுவது போல எனக்குத் தோன்றுகிறது.

கீராவின் கதை 2013இல் திரும்பியது. குதிக்காலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணில் காயம். நடக்கும்போதும் ஓடும்போதும் உடலை உந்துவது அந்த நாண்தான். குதித்து இறங்குபவருக்கு அது இல்லாமல் எதுவும் இல்லை. 2014இல் சொச்சியில் நடந்த ஒலிம்பிக் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. 25 வயதில், தொழிலின் உச்சத்தில், வீட்டில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த பருவத்தில் மீண்டு வந்து தேசியப் பட்டத்தைத் திரும்பவும் வென்றார். 2015 ஓகஸ்ட் மாதத்தில் போட்டிகளில் இருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். வயது 26. நம்மில் பலர் வேலை தேடத் தொடங்கும் வயது. இந்த விளையாட்டில் அது கிழவி வயது.

பொதுவாக விளையாட்டுக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். பதக்கங்களைக் கணக்கிட்டு, வாழ்த்துச் சொல்லி, பத்திரிகையை மடித்து வைப்பார்கள். கீராவைப் பற்றி நான் எழுத விரும்பியது இதற்குப் பிறகு நடந்ததற்காகவே.

அவர் நியூயோர்க் போய் உளவியல் படித்தார். பிறகு பேசத் தொடங்கினார். ஓய்வுக்குப் பின் மனச்சோர்வில் விழுந்ததைச் சொன்னார். தன் உடலைக் குறித்து இளவயதில் ஏற்பட்ட வெட்கத்தையும், எப்போதும் பிழையின்றி இருக்க வேண்டும் என்ற பயத்தையும் சொன்னார். பிள்ளைகளை அவமானப்படுத்தி, பயமுறுத்திப் பயிற்றுவிக்கும் முறை இந்த விளையாட்டில் சாதாரணமாகிப் போயிருக்கிறது என்றும், அது பயிற்சியல்ல, துன்புறுத்தல் என்றும் வெளிப்படையாகக் கூறினார். விளையாட்டில் சிறுவர் பாதுகாப்புக்காகப் பேசும் சர்வதேச முயற்சிகளிலும் சேர்ந்துகொண்டார்.

இதைச் சொன்னதற்காக எல்லோரும் கை தட்டிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அழகும் புகழும் பணமும் கிடைத்த பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். கண்டிப்பு இல்லாமல் பதக்கம் வருமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஆறு வயதில் ஒரு பிள்ளை உறைபனியில் விழுந்தால், நோகிறதா என்று கேட்கலாம். நோகவில்லை, எழும்பு என்றும் சொல்லலாம். இரண்டாவது வழியில் வளரும் பிள்ளைக்கு நாளடைவில் தன் நோவைத் தானே அறிய முடியாமல் போகிறது. நோ என்பது உடல் கொடுக்கும் செய்தி. செய்தியைக் கேட்காத உடலில் நாண் அறுகிறது, எலும்பு வெடிக்கிறது. கண்டிப்பு வேறு, வாயை அடைப்பது வேறு. சமூகவியல் வகுப்பில் 'சமூகமயமாக்கல்' என்று நாங்கள் பெரிய சொல்லாகப் படித்ததை ஒரு சறுக்குத் தளத்தில் சின்னதாகக் காணலாம். பிள்ளை சறுக்குவதை மட்டுமா கற்கிறது? எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்கிறது.

கீராவின் பழைய ஆட்டங்களைப் பயணத்திற்குப் பிறகு பல தடவை பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் நடுத்தளத்தில் நின்று நான்கு பக்கமும் வணங்குவார். மூச்சு வாங்கும், நெஞ்சு ஏறி இறங்கும், முகம் மட்டும் சிரித்தபடி இருக்கும். களத்தில் வேலை செய்யும் எங்களுக்குப் பழக்கமான சிரிப்பு அது. "ஒன்றுமில்லை தங்கச்சி, நல்லா இருக்கிறன்" என்று கதவடியில் நின்று சொல்லும் அக்காமாரிடம் அதைப் பார்த்திருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை அரங்கில் ஒரு சிறுமி மூன்றாவது தடவையும் விழுந்து, எழும்பாமல் அப்படியே இருந்தாள். பயிற்றுநர் பக்கத்தில் போய், தானும் உறைபனியில் குந்திக்கொண்டார். என்ன கதைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. சிறுமி முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பயிற்றுநர் கையுறையைக் கழற்றி அதைத் தடவிப் பார்த்தார். இருவரும் தளத்தின் ஓரத்துக்கு வந்து, சிறுமி தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மிச்சப் பயிற்சி முடியும்வரை சூடான பெரிப்பழச் சாறு குடித்தபடி மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஏசவில்லை.

விதிகளிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இளம் பெண்பிள்ளைகளின் உடலையும் மனதையும் காக்க வேண்டும் என்ற குரல்கள் பல நாடுகளில் எழுந்த பின்னர், 2022 ஜூன் மாதத்தில் சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்த வயதை 15இல் இருந்து 17 ஆக உயர்த்தத் தீர்மானித்தது. 2023இல் தொடங்கிய பருவத்தில் 16, அடுத்த பருவத்தில் இருந்து 17 என்று அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2006இல் டுரினில் தன் முதலாவது ஒலிம்பிக் தளத்தில் இறங்கியபோது கீராவுக்கும் வயது பதினேழுதான்.